முன்பணம் கேட்கும் கடிதம்

மின்னஞ்சல் பெட்டியில் ஒரு நாள் ஒரு கடிதம் வந்து சேர்கிறது. எழுதியவர் தம்மை அயல்நாட்டு வங்கி ஒன்றின் மேலாளர் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். அவ்வங்கியில் கணக்கு வைத்திருந்த செல்வர் ஒருவர் விமான விபத்தில் இறந்துவிட்டாராம். அவருக்கு வாரிசு எவரும் இலராம். அவருடைய கணக்கில் பல கோடி ரூபாய் கேட்பாரற்றுக் கிடக்கிறதாம். “தங்களை அவருடைய உறவினராகக் காட்டினால் அப்பணத்தை வெளியே கொண்டுவர இயலும். தொகையில் மூன்றில் ஒரு பங்கு தங்களுக்கு. தாங்கள் நம்பத்தக்கவர் என்று அறிந்தே எழுதுகிறேன். இச்செய்தியை வேறு எவரிடமும் கூற வேண்டா” என்று கடிதம் முடிகிறது.

இக்கடிதத்தில் பணம் எதுவும் கேட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் கேட்கும் கடிதம் பின்னர்தான் வரும். பெற்றவர் விடை எழுதினால், முத்திரையும் கையொப்பமும் கொண்ட ஆவணங்கள் முதலில் வந்து சேரும். அதன்பின் ஒரு சிறு தடை ஏற்படும்: வழக்கறிஞருக்கு இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும். அதைச் செலுத்தியதும் வரி என்பர். வரியைச் செலுத்தியதும் பணத்தை நாடு கடத்த அனுமதிக் கட்டணம் என்பர். பின்னர்க் காப்பீடு என்பர். ஒவ்வொரு முறையும் ‘இதுவே இறுதிக் கட்டணம்’ என்ற உறுதிமொழியும் உடன் வரும். பெருந்தொகை மட்டும் வருவதே இல்லை. அப்படி ஒரு தொகை எக்காலத்திலும் இருந்ததில்லை.

வரப்போகும் பெரும்பணத்தைக் காட்டி, அதற்கு முன்னதாகக் கட்டணம் என்ற பெயரில் பணம் பறிக்கும் இம்முறைக்கு முன்பண மோசடி என்று பெயர். ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம்மவர் பழமொழி. இங்கோ சுமைகூலி மட்டுமே உண்டு; சுண்டைக்காய் இல்லை.

இத்தகைய கடிதத்தைப் படிக்கும் பலருக்குச் சிரிப்பு வரும். இதையும் ஒருவர் நம்புவாரா என்று கேட்கத் தோன்றும். நம்பியிருக்கின்றனர். படித்தவரும், உயர்பதவியில் இருந்தவரும், பிறருக்கு அறிவுரை கூறும் நிலையில் இருந்தவரும் நம்பியிருக்கின்றனர். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நாம் அறிந்துகொள்வதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், ஆங்கிலத்திலோ இந்தியிலோ வரும் கடிதத்தைப் படித்துப் பெரியவர்களுக்குப் பொருள் சொல்பவர்கள் பிள்ளைகளே. பாட்டியின் கைப்பேசிக்கு வரும் செய்தியை முதலில் படிப்பவர் நீங்களாக இருத்தல் கூடும்.

சிறையிலிருந்து வந்த கடிதங்கள்

மின்னஞ்சல் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மோசடி தோன்றிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ரு சிறைச்சாலையில் இருந்த கைதிகள் சிலர் செல்வந்தர்களுக்குக் கடிதம் எழுதி வந்தனர். அவற்றிற்கு ‘எருசலேம் கடிதங்கள்’ என்று பெயர் வழங்கியது. எழுதுபவர் தம்மை ஒரு பிரபுவின் பணியாள் என்று கூறிக்கொள்வார். புரட்சிக்கு அஞ்சி எசமானருடன் தப்பி ஓடியபோது பொன்னும் வைரமும் நிறைந்த பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைத்ததாகவும், அதைத் தேடி மீண்டும் வந்தபோது பிடிபட்டுச் சிறையில் வாடுவதாகவும் எழுதுவார். இப்போது சிறிது பொருளுதவி செய்தால், புதையல் உள்ள இடத்தைக் கூறிப் பங்கும் தருவதாக வாக்களிப்பார்.

இதைப் பதிவு செய்தவர் வீதோக் என்பவர். இளமையில் குற்றவாளியாகச் சிறையில் இருந்து, பின்னர்ப் பாரிஸ் காவல்துறையில் துப்பறியும் பிரிவின் தலைவரானவர் அவர். ஆதலால் இருபக்கத்தையும் அறிந்திருந்தார். இத்தகைய கடிதங்கள் நூறு அனுப்பப்பட்டால் இருபதுக்கு விடை வந்ததாக அவர் 1836ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எழுதினார். நம்ப இயலாத அளவிற்குப் பெரிய எண்ணிக்கை இது. அதற்குரிய காரணத்தையும் அவரே கூறுகிறார்: பழைய மன்னராட்சியின்மேல் பற்றுக் கொண்டவர்கள் என்று தெரிந்தோருக்கே அக்கடிதங்கள் அனுப்பப்பட்டன. பிரபுக்கள் நாட்டை விட்டு ஓடியதும், செல்வங்களை மறைத்து வைத்ததும் அவர்கள் அறிந்த உண்மை நிகழ்ச்சிகள். அந்த உண்மையின் ஓரத்தில் பொய்யைத் தைத்துவிட்டனர் கைதிகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதன் மற்றொரு வடிவம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் செல்வர் ஒருவர் அடைபட்டிருக்கிறார். அவரை விடுவிக்கப் பணம் வேண்டும். விடுதலையானதும் பன்மடங்காகத் திருப்பித் தருவார் என்பது கதை. ‘ஸ்பானியக் கைதி’ என்று இம்மோசடி பெயர் பெற்றது. 1898ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைப் பற்றி எழுதியபோது, பழைய மோசடி மீண்டும் தலைதூக்கியிருக்கிறது என்றே குறிப்பிட்டது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே இது பழையதாகிவிட்டது!

நானூற்றுப் பத்தொன்பதும் நானூற்றிருபதும்

ஏமாற்றுக்காரரை ‘நானூற்றிருபது’ என்று அழைக்கும் வழக்கம் இந்தியா முழுவதும் உண்டு. வட இந்தியாவில் வளர்வோர் ‘சார் சௌ பீஸ்’ என்று கேட்டிருப்பீர்கள். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், ஏமாற்றிப் பொருள் பறிக்கும் குற்றத்திற்குரியது 420ஆம் பிரிவு. ராஜ் கபூர் 1955இல் வெளியிட்ட இந்தித் திரைப்படம் ஒன்றின் பெயரிலும் இவ்வெண் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதில் இக்குற்றம் 318ஆம் பிரிவில் அமைந்துள்ளது. சட்டத்தில் எண் மாறிவிட்டது. மக்கள் நாவில் இன்னும் மாறவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியாவில் இதே பொருளில் வழங்கும் எண் 419. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் பொய் கூறிப் பொருள் பெறுவதைத் தண்டிக்கும் பிரிவின் எண் அது. முன்பண மோசடிக்கு உலகெங்கும் ‘நானூற்றுப் பத்தொன்பது’ என்ற பெயர் வழங்குவது இதனால்தான்.

நைஜீரியா எண்ணெய் வளம் மிக்க நாடு. 1970களில் எண்ணெய் விலை உயர்ந்தபோது அந்நாட்டில் செல்வம் பெருகியது. 1980களில் விலை வீழ்ந்தபோது வேலைவாய்ப்புகள் மறைந்தன. பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, ஆங்கிலம் நன்கு எழுதத் தெரிந்தும், வேலையின்றி இருந்த இளைஞர் பலர். அவர்களுள் சிலர் இக்குற்றத்தில் இறங்கினர். தொடக்கத்தில் அஞ்சலிலும் தொலைநகலிலும் சென்ற கடிதங்கள், 1990களில் மின்னஞ்சல் பரவியதும் எண்ணற்றுப் பெருகின.

1993 முதல் நைஜீரியாவை ஆண்ட இராணுவத் தலைவர் சானி அபாச்சா 1998 ஜூன் மாதத்தில் திடீரென இறந்தார். அரசின் பணத்தைப் பெருமளவில் எடுத்து அயல்நாட்டு வங்கிகளில் அவர் பதுக்கியிருந்தது பின்னர் வெளிப்பட்டது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகள் அதில் ஒரு பகுதியை நைஜீரியாவுக்குத் திருப்பி அளித்துள்ளன. இவையெல்லாம் நாளிதழ்களில் வந்த செய்திகள். உடனே, அவருடைய மனைவி எழுதுவதுபோல மோசடிக் கடிதங்கள் உலகெங்கும் பறந்தன. “என் கணவர் சேர்த்து வைத்த பணத்தை வெளியே கொண்டுவர உதவுங்கள்” என்றன அவை. ஐயமுற்ற ஒருவர் இணையத்தில் தேடிப் பார்த்தால், அபாச்சா இறந்தது உண்மை, பணம் பதுக்கியது உண்மை என்பதே கிடைக்கும். எருசலேம் கடிதம் எழுதிய கைதிகளின் அதே தையல் வேலைதான் இது.

இதனால் நைஜீரிய மக்கள் அனைவரையும் குற்றவாளிகளாக எண்ணுவது பெரும் அநீதி. அந்நாட்டு அரசு 2003ஆம் ஆண்டு பொருளாதாரக் குற்றங்களுக்கெனத் தனி ஆணையத்தை நிறுவியது. 2006இல் முன்பண மோசடிக்கென்றே தனிச்சட்டம் இயற்றியது. இன்று இக்குற்றம் எல்லா நாடுகளிலிருந்தும் செய்யப்படுகிறது. 2016ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் தாணே மாவட்டத்தில், அமெரிக்க வரித்துறை அதிகாரிகளைப் போலத் தொலைபேசியில் பேசி அமெரிக்கரிடம் பணம் பறித்த போலி அழைப்பு மையங்களைக் காவல்துறை கண்டுபிடித்தது. அமெரிக்கக் குடும்பங்களில் இந்தியர் குரலைக் கேட்டு அஞ்சியோரும் இருந்திருப்பர்.

பேராசை மட்டுமா காரணம்?

ஏமாந்தவரைப் பற்றிப் பேசும்போது ‘பேராசை பெருநட்டம்’ என்று கூறி முடித்துவிடுவது எளிது. ஆசைக்கு இதில் பங்கு உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆயினும் ஆசை மட்டுமே காரணமானால், முதல் கட்டணம் செலுத்தியும் பணம் வராதபோதே மனிதர் விழித்துக்கொள்ள வேண்டும். பலர் விழித்துக்கொள்வதில்லை. முதல் கட்டணத்தைவிட ஐந்தாவது கட்டணத்தைத் தயக்கமின்றிச் செலுத்துகின்றனர். இதற்கு வேறு விளக்கம் வேண்டும்.

‘இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்’ என்னும் பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சிறிய வேண்டுகோளுக்கு இசைந்தவர் பெரிய வேண்டுகோளுக்கும் இசைவார் என்பது அதன் கருத்து. 1966ஆம் ஆண்டு ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் இதைச் சோதித்து வெளியிட்டனர். கலிபோர்னியாவில் சில வீட்டாரிடம், கவனமாக வண்டி ஓட்டுமாறு கூறும் பெரிய, அழகற்ற பலகை ஒன்றை வீட்டு முற்றத்தில் நட இசைவு கேட்கப்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரே இசைந்தனர். வேறு சில வீட்டாரிடம் இரண்டு வாரங்களுக்கு முன்னரே, அதே பொருள் பற்றிய மிகச் சிறிய அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுமாறு கேட்டிருந்தனர். சிறிய அட்டைக்கென்ன, யாரும் மறுப்பது அரிது. பின்னர் அவர்களிடம் பெரிய பலகையைப் பற்றிக் கேட்டபோது, நூற்றுக்கு 76 பேர் இசைந்தனர்.

அவ்வீட்டாரை எவரும் ஏமாளிகள் எனல் இயலாது. ஒருமுறை இசைந்தவர், தாம் இத்தகைய செயல்களுக்கு உதவுபவர் என்று தம்மைப் பற்றி எண்ணத் தொடங்குகிறார். அடுத்த வேண்டுகோளை மறுத்தால் தம்மோடு தாமே முரண்படுவதுபோல் உணர்கிறார். மோசடிக் கடிதத்தின் முதல் வேண்டுகோள் விடை எழுதுவது மட்டுமே. இரண்டாவது, பெயரும் முகவரியும். மூன்றாவதாகத்தான் பணம், அதுவும் சிறிய பணம். படிகள் தாழ்வாக இருப்பதால் ஏறுபவருக்கு உயரம் தெரிவதில்லை.

பணம் கொடுக்கத் தொடங்கியபின் வேறொரு விசை இழுக்கிறது. இருபதாயிரம் கொடுத்தவர் இப்போது விலகினால் இருபதாயிரமும் போகும். இன்னும் முப்பதாயிரம் கொடுத்தால் பல கோடி வரலாம். கொடுத்த பணத்தைக் காப்பாற்றுவதற்காகவே மேலும் கொடுக்கிறார். ஐந்து இலட்சம் கொடுத்தவர் விலகுவது இருபதாயிரம் கொடுத்தவர் விலகுவதைவிடக் கடினம். ‘முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு?’, ‘தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?’ என்று இந்த மனநிலைக்கு நம் மொழியில் ஒன்றுக்கு இரண்டு பழமொழிகள் உள்ளன. பொருளியலார் இதை மீளாச் செலவின் மயக்கம் எனலாம். போன பணம் போனதுதான்; அடுத்த ரூபாயைக் கொடுப்பதா என்பதை அந்த ரூபாயின் பயனைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்பர் அவர்கள். காகிதத்தில் எழுதுவதற்கு எளிய கொள்கை இது. அடகு வைத்த நகை கண்முன் நிற்கும்போது அவ்வளவு எளிதன்று.

மூன்றாவது விசை இரகசியம். ‘யாரிடமும் கூற வேண்டா’ என்ற ஒரு வரியை முதல் கடிதத்திலேயே பார்த்தோம். ஏமாற்றப்படுபவரின் வீட்டில் ஒருவர், அலுவலகத்தில் ஒருவர், ‘இது என்ன கதை?’ என்று கேட்டாலே போதும், மாயை கலைந்துவிடும். அக்கேள்வி எழாமல் தடுப்பதே அவ்வரியின் பணி. மேலும், இறந்தவரின் உறவினராகப் பொய்யாக நடிக்கச் சொல்லும் கடிதத்தில், ஏமாறுபவரும் ஒரு சிறு குற்றத்திற்கு உடன்பட்டவராகிறார். பணம் போன பின் அவர் காவல் நிலையத்திற்குச் சென்று என்ன சொல்வார்? திருடனுக்குத் தேள் கொட்டியது போன்ற நிலை அது. வாய்விட்டுக் கத்தவும் இயலாது.

இம்மூன்று விசைகளும் வங்கி அதிகாரி ஒருவரையே வீழ்த்திய வரலாறு உண்டு. பிரேசில் நாட்டில் பாங்கோ நோரோயெஸ்டி என்றொரு வங்கி இருந்தது. நைஜீரியாவின் மைய வங்கி ஆளுநர் என்று தம்மைக் கூறிக்கொண்ட ஒருவர், அவ்வங்கியின் உயர் அதிகாரியைத் தொடர்புகொண்டார். அபுஜா நகரில் புதிய விமான நிலையம் கட்டப்போவதாகவும், அதில் முதலீடு செய்ய உதவினால் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கோடி டாலர் தரகு கிடைக்கும் என்றும் கூறினார். 1995 முதல் 1998 வரை அவ்வதிகாரி வங்கியின் பணத்தைத் தவணை தவணையாக அனுப்பினார். மொத்த இழப்பு ஏறத்தாழ 24 கோடி டாலர். விமான நிலையத்திற்கு ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை.

ஸ்பெயின் நாட்டு வங்கி ஒன்று நோரோயெஸ்டியை விலைக்கு வாங்க முன்வந்து கணக்குகளைப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்படத் தொடங்கியது. அதாவது, வெளியாள் ஒருவர் வந்து கேள்வி கேட்டபோதுதான். ஆளுநராக நடித்த எம்மானுவேல் நுவுதே என்பவருக்கு 2005ஆம் ஆண்டு நைஜீரிய நீதிமன்றம் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நோரோயெஸ்டி வங்கி அதற்கு முன்னரே மூடப்பட்டுவிட்டது. கணக்கும் சட்டமும் நன்கறிந்த வங்கி அதிகாரியே மூன்றாண்டுகள் தொடர்ந்து பணம் அனுப்பியிருக்கும்போது, ஏமாந்த ஒரு முதியவரைப் பார்த்து ‘இவ்வளவு அறிவில்லையா?’ என்று கேட்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

பிழைகள் ஒரு சல்லடை

இக்கடிதங்களில் எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கும். கதையும் பழையதாக இருக்கும். ஊர் அறிந்த மோசடிக்கு ஊர் அறிந்த நைஜீரியாவின் பெயரையே பலர் எழுதுவர். கெட்டிக்காரர்களான ஏமாற்றுக்காரர்கள் ஏன் கடிதத்தைத் திருத்தமாக எழுதுவதில்லை? மைக்ரோசாஃப்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி 2012ஆம் ஆண்டு இக்கேள்விக்குக் கணித வழியில் ஒரு விடை கூறினார்.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. மோசடிக்காரர் பத்து இலட்சம் மின்னஞ்சல்களை அனுப்புகிறார். அதற்குச் செலவு மிகக் குறைவு. கடிதம் நம்பத்தக்கதாக இருந்தால் ஆயிரம் பேர் விடை எழுதுவர். அவர்களுள் பத்துப் பேரே இறுதிவரை வந்து பணம் செலுத்துவர். 990 பேர் பல நாள்கள் கடிதம் எழுதியபின் ஐயுற்று விலகுவர். ஆயிரம் பேருக்கும் தனித்தனியே விடை எழுதி, ஆவணம் தயாரித்து, தொலைபேசியில் பேசும் உழைப்பு பெரிது. அதில் 990 பங்கு வீண். இப்போது கடிதம் நகைப்பூட்டும் வகையில் இருப்பதாகக் கொள்வோம். விடை எழுதுவோர் முப்பது பேராகக் குறைவர். ஆனால் ஐயுறும் இயல்புடையோர் முன்னரே சிரித்துவிட்டு நீங்கிவிட்டதால், அம்முப்பதில் ஒன்பது பேர் பணம் செலுத்துவர். ஒருவர் குறைந்தார், உழைப்போ மிகப் பெரும் அளவில் மிச்சமானது.

ஆகவே, நம்மைச் சிரிக்க வைக்கும் அந்தப் பிழைகள் ஒரு சல்லடையாகின்றன. நாம் சிரித்து அழித்துவிடுவதில் மோசடிக்காரருக்கு வருத்தமில்லை. அவர் தேடுவது நம்மை அன்று. இத்தகைய கதையை இதற்குமுன் கேட்டிராத ஒருவரை, தனிமையில் இருக்கும் ஒருவரை, கடனில் சிக்கிப் பணத்திற்கு வழி தேடும் ஒருவரை அவர் தேடுகிறார்.

நம் வாயிலில்

இந்தியாவில் இம்மோசடி பல உடைகளில் வருகிறது. ‘கோன் பனேகா குரோர்பதி’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரைத் தவறாகப் பயன்படுத்தி, இருபத்தைந்து இலட்சம் ரூபாய் பரிசு விழுந்திருப்பதாக வாட்ஸ்அப் செய்திகள் வந்தன. பரிசைப் பெற முதலில் வரி செலுத்த வேண்டும் என்றன. இணையத்தில் அறிமுகமான அயல்நாட்டு ‘நண்பர்’ ஒருவர் விலையுயர்ந்த பரிசுப் பெட்டி அனுப்புவதாகக் கூறுவார். சில நாளில் விமான நிலையச் சுங்க அதிகாரி என்று ஒருவர் அழைத்து, பெட்டியை விடுவிக்கச் சுங்கவரி கேட்பார். வேலை நியமன ஆணை அனுப்பிப் பதிவுக் கட்டணம் கேட்போரும், கடன் தருவதாகக் கூறி முன்கட்டணம் கேட்போரும் உளர்.

ஊரில் நிலத்தை விட்டுவிட்டு வெளிமாநிலத்தில் வாழும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய வடிவம் ஒன்று உண்டு. ‘தங்கள் நிலத்தில் கைப்பேசிக் கோபுரம் அமைக்கத் தேர்வு செய்துள்ளோம், மாத வாடகை இவ்வளவு, முன்பணம் இத்தனை இலட்சம் தருவோம், அதற்கு முன் அரசு வரியாக இத்தொகையைச் செலுத்துக’ என்று அரசு முத்திரையோடு கடிதம் வரும். கோபுரம் அமைப்பதற்கு இடம் வாடகைக்கு எடுப்பதிலோ வரி வாங்குவதிலோ தமக்கு எப்பங்கும் இல்லை என்று தொலைத்தொடர்புத் துறையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் மக்களை எச்சரித்துள்ளன. ஊரில் சும்மா கிடக்கும் காணியிலிருந்து மாதந்தோறும் வருமானம் வரும் என்பது நியாயமான ஆசையே. இதில் பேராசை எங்கே இருக்கிறது?

ரிசர்வ் வங்கியின் பெயரும், அதன் ஆளுநரின் பெயரும் இத்தகைய கடிதங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. தனிமனிதர் எவருக்கும் ரிசர்வ் வங்கி கணக்குத் தொடங்குவதில்லை. பரிசுப் பணத்தை வைத்திருந்து வழங்குவதும் இல்லை. அயல்நாட்டுப் பரிசுச்சீட்டுத் திட்டங்களில் பங்குகொள்வதற்காக இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதை 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் தடை செய்கிறது. பரிசு உண்மையாகவே விழுந்ததாக வைத்துக்கொண்டாலும், அதற்குரிய கட்டணத்தை அயல்நாட்டுக்கு அனுப்புவது சட்டத்தை மீறுவதாகும் என்பது இதன் பொருள்.

ஏமாந்த பின்

பணம் இழந்தவருக்குச் சில வாரங்கள் கழித்து வேறொரு கடிதம் வருவதுண்டு. அதை எழுதுபவர் தம்மைக் காவல்துறை அதிகாரி என்றோ வழக்கறிஞர் என்றோ கூறிக்கொள்வார். தங்களை ஏமாற்றிய கூட்டம் பிடிபட்டுவிட்டது. தங்கள் பணம் மீட்கப்பட்டுள்ளது. அதைத் திரும்பப் பெற நீதிமன்றக் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும் என்பார். இதுவும் முன்பண மோசடியே. ஒருமுறை கொடுத்தவர் மீண்டும் கொடுப்பார் என்ற கணக்கில், ஏமாந்தோரின் பெயர்ப்பட்டியலை மோசடிக் கூட்டங்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்கின்றன. இம்முறை இழந்தவரை இழுப்பது பேராசை அன்று. தம் சொந்தப் பணம் திரும்புமா என்ற ஏக்கம்.

இந்தியாவில் இணையவழிப் பணமோசடி நேர்ந்தால் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். புகார் பதிவானதும், பணம் சென்று சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அக்கணக்கில் உள்ள தொகையை முடக்கும் முயற்சி நடைபெறுகிறது. மோசடிக்காரர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைவாக மாற்றிவிடுவதால், சில மணி நேரத்திற்குள் அழைப்பவருக்கே பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. ஆனால் பலர் நாள்கணக்கில் காத்திருக்கின்றனர். மகன் என்ன சொல்வான், அண்டைவீட்டார் சிரிப்பார்களோ, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகின்றனர். இரகசியம் காக்கச் சொல்லி மோசடிக்காரர் முதல் கடிதத்தில் எழுதிய வரியை, பணம் போன பிறகு வெட்கம் தொடர்ந்து நிறைவேற்றித் தருகிறது.

புகார் அளிக்கும்போது பணம் அனுப்பிய நாள், தொகை, பரிவர்த்தனை எண், எக்கணக்கிற்கு அனுப்பப்பட்டது என்னும் விவரங்கள் கேட்கப்படும். வீட்டில் ஆங்கிலமோ இந்தியோ சரளமாகப் பேசுபவர் நீங்களானால், அழைப்பில் பேசவும் படிவத்தை நிரப்பவும் உங்கள் துணை பெரியவர்களுக்குத் தேவைப்படலாம். வந்த மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் செய்திகள், வங்கியின் குறுஞ்செய்திகள் அனைத்தும் சான்றுகள். ஏமாந்தவர் வெட்கத்தினால் முதலில் அழித்துவிடுவது அவற்றைத்தான். ஆகையால் கைப்பேசியை வாங்கியதும், வேறு எதையும் கேட்பதற்கு முன்னர், அச்செய்திகளின் திரைப்படிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.